மஹ்ஜர் இலக்கியம்: ஏக்கமா, வாதமா?

'ஹிஜ்ரத்' என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே இராது. அச்சொல்லின் வேரிலேயே பிறந்த மற்றொரு சொல் 'மஹ்ஜர்'. புலம்பெயர்ந்து சென்றவர் குடியேறிய இடத்தை அது குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி லெபனான் மலைப் பகுதியிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வட, தென் அமெரிக்க நாடுகளுக்குச் சென்று குடியேறிய அரபிகள் அங்கிருந்து படைத்த எழுத்துக்கு 'அதபுல் மஹ்ஜர்' என்று பெயர் வழங்கலாயிற்று. நம் அரபிக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளிலும் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் பாடத்திட்டத்திலும் இவ்விலக்கியத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. ஜிப்ரான், மீகாயீல் நுஐமா, ஈலியா அபூமாளீ ஆகிய மூவரின் பெயர்களும், அவர்தம் கவிதைகள் சிலவும், 'ஹனீன்' எனப்படும் தாயக ஏக்கமே இவ்விலக்கியத்தின் உயிர் என்ற ஒரு வாக்கியமும் அந்த அத்தியாயத்தின் சாரம். மாணவர் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதி வெற்றியும் பெறுகின்றனர்.

இந்த 'ஏக்கம்' என்ற சொல் மஹ்ஜர் எழுத்தின் பாதியை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. அம்மக்கள் ஏங்கினார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் ஏங்கிய நேரத்தைவிட வாதிட்ட நேரம் அதிகம். உதுமானியப் பேரரசு நிலைக்குமா, பிரான்சை நம்பலாமா, பிறந்த மண்ணுக்கு லெபனான் என்று பெயரா சிரியா என்று பெயரா, குடியேறிய நாட்டில் குடியுரிமை கேட்பதா, பிள்ளைகளுக்கு எந்த மொழியைக் கற்பிப்பது, பெண்கள் சுமை தூக்கி விற்கப் போகலாமா என்பன போன்ற கேள்விகள் அவர்களின் நாளேடுகளிலும் கடைத்திண்ணைகளிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டன. உலக அரசியலும் அன்றாட வயிற்றுப்பாடும் ஒரே மேசையில் கிடந்தன. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் மஹ்ஜர் எழுத்து உயர்ந்து நிற்கிறது என்பதையும், விலகிய இடங்களில் வலுவிழந்தது என்பதையும் இக்கட்டுரையில் காட்ட விழைகிறோம்.

கஷ்ஷாவும் நாளேடும்

நியூயார்க் மாநகரின் தென்முனையில் இருந்த வாஷிங்டன் தெருவும் அதன் சுற்றுப்புறமும் 'குட்டி சிரியா' என அழைக்கப்பட்டன. அங்கு வந்திறங்கிய மலைநாட்டு உழவர்க்கு ஆங்கிலம் தெரியாது. கையில் முதலும் கிடையாது. அவர்களுக்குக் கைகொடுத்தது 'கஷ்ஷா'. நூல், ஊசி, பொத்தான், சரிகை, ஜபமாலை, சிலுவை முதலியன அடைத்த சுமைப்பெட்டிக்கு அப்பெயர். மொத்த வணிகர் கடனாகச் சரக்குக் கொடுப்பார். பெட்டியை முதுகில் சுமந்து ஊர் ஊராக, பண்ணை பண்ணையாக விற்றுவிட்டுத் திரும்பிக் கணக்குத் தீர்க்க வேண்டும். ஆண்களைப் போலவே பெண்களும் இத்தொழிலில் ஈடுபட்டனர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தால் லெபனான் மலைச்சரிவுகளில் செவ்வோட்டுக் கூரை வீடுகள் எழுந்தன.

இந்தச் சுமைப்பெட்டிக்காரர்களுக்காகவே நாளேடுகள் தோன்றின. 1892இல் நியூயார்க்கில் வெளிவரத் தொடங்கிய 'கவ்கப் அமெரிகா' வட அமெரிக்காவின் முதல் அரபி ஏடு. 1898இல் நஊம் முகர்ஸல் 'அல்ஹுதா'வைத் தொடங்கினார். 1899இல் நஜீப் தியாபின் 'மிர்ஆத்துல் கர்ப்', 1911இல் 'அல்பயான்', 1912இல் அப்துல் மஸீஹ் ஹத்தாதின் 'அஸ்ஸாயிஹ்' எனத் தொடர்ந்தன. அல்ஹுதா மாரோனியரின் குரலாகவும், மிர்ஆத்துல் கர்ப் ஆர்த்தடாக்ஸ் பிரிவினரின் குரலாகவும், அல்பயான் துரூஸியரும் முஸ்லிம்களும் படிக்கும் ஏடாகவும் விளங்கின. தாயகத்தின் பிரிவுகள் கப்பலேறி உடன் வந்துவிட்டன என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1905இல் வாஷிங்டன் தெருவில் இவ்விரு கிறித்தவப் பிரிவினரும் கைகலந்த செய்தி நியூயார்க்கின் ஆங்கில நாளேடுகளில் இடம்பெறும் அளவுக்கு வாதம் முற்றியது.

இந்த ஏடுகளின் மொழியைப் பண்டிதர்கள் குறைகூறியதுண்டு. முஸ்தஃபா ஸாதிக் அர்ராஃபிஈ மஹ்ஜர் எழுத்தாளர்களின் மொழிப்போக்கைக் கடுமையாகச் சாடினார். தாஹா ஹுஸைன்கூட அபூமாளீயின் மொழித் தளர்ச்சியைச் சுட்டிக்காட்டினார். நஹ்வும் ஸர்ஃபும் கற்பிப்பவர் என்ற முறையில் அவ்விமர்சனத்தின் நியாயத்தை நாமும் உணர்கிறோம். எனினும், யாருக்காக அம்மொழி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். நாளெல்லாம் பெட்டி சுமந்து வந்தவன் இரவில் விளக்கருகே படிக்க எழுதப்பட்ட உரைநடை, அஸ்ஹரின் தூணருகே சாய்ந்து படிப்பவருக்கான உரைநடையைப் போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. நவீன அரபி உரைநடை இறுக்கம் தளர்ந்து எளிமை பெற்றதில் இந்த ஏடுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

'வெள்ளையர்' யார் என்ற வழக்கு

அன்றாட வாழ்வும் உலக அரசியலும் ஒன்றேயான ஒரு நிகழ்ச்சியை இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டவருள் 'வெள்ளையரான சுதந்திர மனிதர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என வகுத்திருந்தது. பின்னர் ஆப்பிரிக்க வம்சாவளியினர்க்கும் அவ்வுரிமை தரப்பட்டது. ஆசியருக்கு வாயில் அடைபட்டே இருந்தது. அப்படியாயின் சிரியர் யார்? 1909 முதல் பல நீதிமன்றங்களில் இக்கேள்வி எழுந்தது, தீர்ப்புகள் முரண்பட்டன. தென் கரோலினாவில் ஜார்ஜ் டவ் என்னும் சிரியரின் விண்ணப்பம் 1914இல் நிராகரிக்கப்பட்டது. 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிச் சிரியர் 'வெள்ளையரே' என்று முடிவு கூறியது. வழக்குச் செலவுக்குச் சமூகம் நிதி திரட்டியது. ஏடுகள் கிளர்ச்சி செய்தன.

அவ்வாதத்தின் போக்கு சிந்தனைக்குரியது. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதனை அளப்பது அநீதி என்று அவர்களுள் பெரும்பாலோர் வாதிடவில்லை. தாம் வெள்ளையர் பக்கத்தில் நிற்பவர் என்றே வாதிட்டனர். ஈஸா நபி பிறந்த மண்ணின் மக்களாகிய எம்மை எவ்வாறு ஆசியர் எனத் தள்ளலாம் என்று கேட்டனர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1923இல், பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடு அழியவில்லை, சிரியர் அதைத் தாண்டி உள்ளே சென்றனர், இந்தியர் வெளியே நின்றனர். அவ்வளவே. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்தபோது சிரியாவுக்கும் லெபனானுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 பேர் என ஒதுக்கீடு சுருங்கிற்று. அந்தக் கோட்டை நம்பி நின்றவர்க்கும் அது நிலையான அடைக்கலம் தரவில்லை.

நம் மாணவர் படிக்கும் மஹ்ஜர் கவிதைகளில் இந்த வழக்கின் சுவடு கிடையாது. இயற்கையின் மடி, காட்டின் அமைதி, ஆன்மாவின் தாகம் ஆகியவை உள்ளன. 'இன்சானிய்யத்' எனும் மானுட நேயம் அவ்விலக்கியத்தின் கொடியாகப் போற்றப்படுகிறது. அக்கொடி பறந்த அதே தெருவில் தோலின் நிறம் பற்றிய பேரமும் நடந்தது என்பதை அறியாமல் அக்கவிதைகளைப் படிப்பவர், அவற்றின் அழகை அறிவார். அவை எந்த நெருக்கடிக்கு நடுவே பிறந்தன என்பதை அறியார்.

காலிதின் பெட்டி

இவ்விரு உலகங்களையும் ஒரே நூலில் பிணைக்க முயன்றவர் அமீன் அர்ரைஹானி. 1876இல் ஃப்ரைக்கா என்னும் சிற்றூரில் பிறந்து, 12 வயதில் நியூயார்க் வந்து, நிலவறைக் கடையொன்றில் கணக்கெழுதி வளர்ந்தவர். 1911இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'காலிதின் நூல்', அரபி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படுகிறது. அதற்குப் படம் வரைந்தவர் ஜிப்ரான்.

பஅல்பக் ஊரைச் சேர்ந்த காலித், ஷகீப் என்னும் இரு இளைஞர் கப்பலேறுகின்றனர். வழியில் துறைமுகத் தரகர்கள் அவர்களைச் சுரண்டுகின்றனர். நியூயார்க்கில் ஒரு நிலவறையில் குடியிருக்கின்றனர். கடல் பொங்கும்போது அறைக்குள் நீர் புகுகிறது. புனித பூமியிலிருந்து வந்தவை என்று பொய் கூறிப் போலி ஜபமாலைகளையும் சிலுவைகளையும் விற்கின்றனர். ஷகீப் பணம் சேர்க்கிறான். காலித் புத்தகம் சேர்க்கிறான். ஒருநாள் காலித் தன் விற்பனைப் பெட்டியைத் தீயிட்டுக் கொளுத்துகிறான். பின்னர் நியூயார்க்கின் டாமனி ஹால் அரசியல் அமைப்பின் தலைவன் ஒருவனுக்காகச் சிரியரிடையே வாக்குத் திரட்டும் வேலையில் சேர்ந்து, அவனோடு முரண்பட்டுச் சிறை செல்கிறான். தாயகம் திரும்பிப் பாதிரிமாரின் பகையைத் தேடிக்கொள்கிறான். 1908இல் உதுமானிய அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்த பரபரப்பில் திமிஷ்கின் உமய்யா ஜாமிஆ பள்ளிவாசலில் பேச எழுகிறான். கூட்டம் கொதித்தெழ, தப்பியோடி எகிப்தியப் பாலைவனத்தை அடைந்து மறைந்துபோகிறான்.

இந்நூலின் முற்பகுதி மஹ்ஜர் எழுத்தின் சிகரம் என்று கூறத் தயங்கமாட்டோம். அமெரிக்க ஜனநாயகம் பற்றிய நூறு கட்டுரைகள் கூறாததை, வாக்கு வாங்கித் தரும் குடியேறியின் அனுபவம் கூறிவிடுகிறது. சந்தையும் தேர்தலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதைக் காலித் கண்ணாரக் காண்கிறான். போலி ஜபமாலை விற்றவனுக்கே போலி வாக்குறுதி புரிகிறது. ரைஹானி இதைப் பிரசங்கமாகச் சொல்லாமல், நகைச்சுவை கலந்து, ஒரு கையெழுத்துப் பிரதியைப் பதிப்பிப்பவர் தம் கதைநாயகனைச் சற்றுக் கேலி செய்தவாறே கூறும் பாணியில் எழுதிச் செல்கிறார்.

பிற்பகுதியில் இந்தத் தராசு சாய்கிறது. காலித் கிழக்கையும் மேற்கையும் இணைக்கப்போகும் தீர்க்கதரிசியாகப் பேசத் தொடங்கியதும் நிலவறை மறந்துபோகிறது. பெட்டியும் ஷகீபும் பின்னே தள்ளப்படுகின்றனர். பக்கம் பக்கமாக உபதேசம் வளர்கிறது. திமிஷ்க் மக்களின் விலைவாசி, வரி, படைக்கு ஆளெடுப்பு ஆகியவை பற்றி அவன் கேட்டறிவதே இல்லை. இருபது ஆண்டுகள் வெளியே இருந்தவர் ஊர் திரும்பி ஊராருக்குப் புத்தி கூறும் நோய் இது. ஆசிரியர் இந்நோயை அறியாதவரல்லர். பள்ளிவாசலில் காலித் விரட்டப்படுவதை அவர் எழுதியதே அதற்குச் சான்று. ஆனால், நோயை அறிந்தும் அந்த உபதேசங்களின் மீது கொண்ட காதலை அவரால் விட முடியவில்லை.

அதை விட்டது அடுத்த பத்தாண்டில். 1922, 1923 ஆண்டுகளில் ரைஹானி அரபுத் தீபகற்பத்தைச் சுற்றினார். ஹிஜாஸில் ஷரீஃப் ஹுஸைன், யமனில் இமாம் யஹ்யா, நஜ்தில் அப்துல் அஸீஸ் இப்னு ஸஊத், இராக்கில் மன்னர் ஃபைஸல் ஆகியோரைச் சந்தித்தார். அதன் விளைவே 1924இல் வெளிவந்த 'முலூகுல் அரப்'. தம் இனத்தின் பெருமையைத் தாம் அமெரிக்காவில் ஸ்காட்லாந்தியர் கார்லைல் போன்றோரின் நூல்கள் வழியே கண்டுகொண்டதாக ரைஹானி அதில் கூறுகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய கார்லைலின் உரை ஒரு லெபனான் கிறித்தவரை அரபு நாட்டை நோக்கித் திருப்பியது என்பது வியப்புக்குரியது. ஆனால் அந்நூலை உயர்த்துவது இந்த வியப்பன்று. அதில் ரைஹானி கேட்பவராக மாறியிருக்கிறார். ஒட்டகப் பயணத்தின் களைப்பு, காய்ச்சல், காஃபி, அரசவையின் மௌனம், அதிகாரிகளின் தாமதம் எல்லாம் அரசியலோடு சேர்ந்தே பதிவாகின்றன. அரபு ஒற்றுமை என்ற கருத்தை அவர் விடவில்லை. அக்கருத்தின் முன்னே நிற்கும் தடைகளைத் தம் கால்களால் அளந்துவிட்டுப் பேசுகிறார்.

உணவு மேசையில் போர்

1914இல் தொடங்கிய முதல் உலகப் போர் மஹ்ஜர் எழுத்தாளர்களைச் சோதித்தது. நேச நாடுகளின் கடல் முற்றுகை, ஜமால் பாஷாவின் படைத் தேவைக்கான தானியப் பறிமுதல், 1915இன் வெட்டுக்கிளிப் படையெடுப்பு, உள்ளூர்ப் பதுக்கல் ஆகியன சேர்ந்து லெபனான் மலையில் கொடிய பஞ்சத்தை விளைத்தன. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மடிந்ததாகப் பல மதிப்பீடுகள் கூறுகின்றன. 1916இல் நியூயார்க்கில் நிவாரணக் குழு ஒன்று அமைந்தது. ஜிப்ரான் அதன் செயலாளரானார். அவ்வேளையில் அவர் எழுதிய 'மாத்த அஹ்லீ' எனும் உரைநடைக் கவிதையை ஒருமுறை படித்தவர் மறவார்.

ஜிப்ரானின் பிற எழுத்துகளில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. தீர்க்கதரிசியின் தொனி அவரிடம் மிகை. ஆனால் இப்படைப்பில் அத்தொனி அடங்கிவிடுகிறது. தம் மக்கள் பட்டினியால் மடியும்போது ஏழு கடலுக்கு அப்பால் வயிறார உண்டு பாதுகாப்பாக இருப்பவனின் வெட்கம் அதன் பொருள். யாரைக் குற்றம் சாட்டுவது, எந்த வல்லரசை ஆதரிப்பது என்ற வாதங்கள் எல்லாம் அந்த வெட்கத்தின் முன் அமைதி அடைகின்றன. இறுதியில் கவிஞர் வாசகனிடம் வேண்டுவது கையிலுள்ளதில் ஒரு பங்கைக் கொடு என்பதே. உலகப் போர் உணவு மேசைக்கு வந்து சேர்ந்தபோது அவர் மொழியும் மண்ணுக்கு வந்தது.

நுஐமாவின் நிலை வேறு. அவர் 1918இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய 'அகீ' எனும் கவிதை, வென்றவரின் ஆரவாரத்தில் பங்கேற்க நமக்கு ஏதுமில்லை என்று சகோதரனை நோக்கிக் கூறுகிறது. வெற்றி பெற்ற படையின் உடை அணிந்த ஓர் அரபியின் மனநிலையோடு அதைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் கசப்பு முழுமையாக விளங்கும். போருக்குப் பின், 1920இல், ஜிப்ரான் தலைமையிலும் நுஐமா செயலாளராகவும் 'அர்ராபிதத்துல் கலமிய்யா' எனும் எழுத்தாளர் கழகம் நியூயார்க்கில் புத்துயிர் பெற்றது. அதே ஆண்டில் பிரான்ஸ் சிரியாவைக் கைப்பற்றிப் பெரிய லெபனானை அறிவித்தது. ஜிப்ரான் 'லக்கும் லுப்னானுக்கும் வலிய லுப்னானீ' என்று எழுதினார். சூரத்துல் காஃபிரூனின் இறுதி வசனத்தின் அமைப்பைத் தலைப்பிலேயே ஒலிக்கச் செய்து, அரசியல்வாதிகளின் லெபனானையும் உழவர், இடையர், தாய்மாரின் லெபனானையும் எதிரெதிரே நிறுத்தினார். ஒரு கிறித்தவர் தம் அரசியல் வாதத்துக்கு குர்ஆனின் மொழியமைப்பை நாடியது, அரபி மொழி யாருடைய பொதுச்சொத்து என்பதைக் காட்டுகிறது.

பாடத்தில் இல்லாதவர்கள்

மஹ்ஜர் அத்தியாயத்தில் இடம்பெறாத இரு நூல்களைக் குறிப்பிட வேண்டும். 1906இல் நியூயார்க்கில் அஃபீஃபா கரம் எனும் பெண்மணி 'பதீஆ வ ஃபுஆத்' என்ற நாவலை வெளியிட்டார். முதல் அரபி நாவல் எனப் பாடநூல்கள் பலகாலம் கூறிவந்த ஹைகலின் 'ஸைனப்' அதற்கு ஏழு ஆண்டுகள் பிந்தியது. அஃபீஃபா அல்ஹுதாவில் எழுதி வந்தவர். புலம்பெயர்ந்த பெண்ணின் கல்வி, திருமணம், உழைப்பு பற்றி வெளிப்படையாக வாதிட்டவர். மற்றொன்று அப்துல் மஸீஹ் ஹத்தாத் 1921இல் வெளியிட்ட 'ஹிகாயாத்துல் மஹ்ஜர்'. இத்தொகுப்பில் தத்துவமும் தீர்க்கதரிசனமும் இல்லை. கடைக்காரரும் சுமைவணிகரும் அவர்தம் இல்லறமும், ஊர் திரும்பும் கனவும், திரும்பியபின் வரும் ஏமாற்றமும் உள்ளன. எளிய கதைகள் என்பதாலேயே இவை பாடத்திட்டத்தால் ஒதுக்கப்பட்டன என்று கருதுகிறோம்.

தென் அமெரிக்க மஹ்ஜரும் இவ்வாறே பாதி மட்டும் நினைவுகூரப்படுகிறது. 1933இல் பிரேசிலின் ஸாவ் பாவ்லோவில் 'அல்உஸ்பத்துல் அந்தலுஸிய்யா' தோன்றியது. அக்கழகத்தின் ரஷீத் ஸலீம் அல்கூரி, இல்யாஸ் ஃபர்ஹாத் போன்ற கிறித்தவக் கவிஞர்கள் நபிகளாரைப் போற்றியதை நம் இதழ்கள் பெருமையுடன் எடுத்துக்காட்டுவதுண்டு. அது நல்லதே. ஆனால் அதே ஃபர்ஹாத், பழைய வண்டியில் சரக்கேற்றிக் காட்டுவழிகளில் அலைந்த தம் பிழைப்பைப் பாடியிருப்பதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. 1941இல் பிரேசில் அரசு அயல்மொழி ஏடுகளைத் தடைசெய்தபோது இக்கழகத்தின் இதழும் நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் வெளிவந்தது. ஒரு மொழியில் வாதிடும் உரிமையே குடியேறிய நாட்டின் அரசியலைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

இவர்கள் அனைவரினும் மௌனமானவர் ஒருவர் உண்டு: முஸ்லிம் குடியேறி. வட டக்கோட்டாவின் ராஸ் என்னும் ஊரில் நிலம் உழுத சிரிய முஸ்லிம்கள் 1929இல் பள்ளிவாசல் கட்டினர். 1934இல் அயோவா மாநிலத்தின் ஸீடர் ராப்பிட்ஸில் மற்றொன்று எழுந்தது. பனிநிலத்தில் அவர்கள் எவ்வாறு நோன்பு நோற்றனர், பிள்ளைகளுக்கு எவ்வாறு ஓதக் கற்பித்தனர், பாலஸ்தீனத்தில் நடந்ததை எங்ஙனம் கேட்டறிந்து என்ன பேசிக்கொண்டனர் என்பதைச் சொல்ல அவர்களிடையே ஒரு ரைஹானியோ ஹத்தாதோ எழவில்லை. ஸீடர் ராப்பிட்ஸின் பள்ளிவாசல் எஞ்சியது, வாதம் காற்றில் போயிற்று.

நமக்கான கேள்வி

இந்த இடத்தில் நம் சமூகத்தின் நினைவு வருவதைத் தடுக்க இயலாது. கடல்கடந்து பொருளீட்டச் செல்பவரைச் 'சபராளி' என அழைக்கும் மக்கள் நாம். 1887இலேயே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' எனும் தமிழ் வார இதழை நடத்தினார். வாஷிங்டன் தெருவில் முதல் அரபி ஏடு தோன்றுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பு. அத்தகைய தொடக்கம் இருந்தும், மலேயாவின் ஒட்டுக்கடைகளிலும் 1970களுக்குப் பின் வளைகுடாவின் அறைகளிலும் வாழ்ந்த நம்மவரின் எழுத்துப் பதிவு மிகச் சிறிது. இஷாவுக்குப் பின் சுப்ரா விரித்து, ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, 1990இல் குவைத்தையும் 2003இல் பக்தாதையும் 2023 முதல் காஸாவையும் பற்றி நடந்த வாதங்கள் எத்தனை! அவற்றில் அறிவும் உண்டு, ஆத்திரமும் உண்டு. அதே அறையில், கஃபீலின் கையிலிருந்த கடவுச்சீட்டு பற்றியும், மூன்று மாதமாக வராத சம்பளம் பற்றியும், பக்கத்துக் கட்டிலில் உறங்கும் வங்காளியின் கூலி தன் கூலியினும் ஏன் குறைவு என்பது பற்றியும் பேச்சு எழுந்தால் குரல் தாழ்ந்துவிடும். தொலைதூர மன்னர்களைப் பற்றித் துணிவு. அருகிலுள்ள முதலாளியைப் பற்றி மௌனம்.

அச்சம் காரணம் என்பதை மறுக்கமாட்டோம். பிழைப்புக்குச் சென்றவரிடம் வீரம் எதிர்பார்ப்பது வெளியே நிற்பவர்க்கு எளிது. ஆயினும் ஊர் திரும்பியபின்னும் அம்மௌனம் நீடிப்பதற்கு அச்சம் மட்டும் காரணமாகாது. அன்றாட வாழ்வு எழுதத்தக்கது என்ற எண்ணமே நம்மிடம் வேரூன்றவில்லை. மலையாளத்தில் பென்யாமின் 2008இல் 'ஆடு ஜீவிதம்' எழுதியபோது, பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் சிக்கிய ஒரு முஸ்லிம் தொழிலாளியின் துயரம் இலக்கியமாயிற்று. தமிழிலும் ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட 'புயலிலே ஒரு தோணி', இரண்டாம் உலகப் போர்க்காலத்து மேடானிலும் பினாங்கிலும் நம் வணிகர் நடத்திய வாழ்வையும் அவர்களின் ஓயாத வாதங்களையும் ஒருசேரப் பிடித்துக் காட்டியது. இந்தோனேசியாவில் கடைப்பணியாளராக வாழ்ந்தவரால்தான் அந்நூல் இயன்றது. வழி திறந்தே இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

அரபிக் கல்லூரிகளில் மஹ்ஜர் அத்தியாயம் கற்பிப்போர் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. அபூமாளீயின் கவிதையோடு ஹத்தாதின் கதையொன்றையும் சேர்த்துக் கற்பியுங்கள். காலிதின் உபதேசத்தோடு அவன் கொளுத்திய பெட்டியையும் காட்டுங்கள். ஏக்கத்தைப் போற்றும் பாடம் மாணவனைக் கண்கலங்கச் செய்யும். வாதத்தைக் காட்டும் பாடமோ அவனை வீட்டுக்குச் சென்று தன் தந்தையிடம் கேள்வி கேட்கச் செய்யும்: எந்த ஆண்டு புறப்பட்டீர்கள், எவ்வளவு கடன் வாங்கினீர்கள், யாரோடு தங்கினீர்கள், இரவில் என்ன பேசிக்கொண்டீர்கள்? அக்கேள்விகளுக்கு விடை கூறத்தக்க தலைமுறை இன்னும் நம்மிடையே உயிருடன் இருக்கிறது. அவர்களின் ஜனாஸாவோடு அவர்தம் வாதங்களையும் அடக்கம் செய்துவிட்டு, ஸீடர் ராப்பிட்ஸின் பள்ளிவாசலைப் போல் கட்டடங்களை மட்டும் எஞ்சவிடுவதா என்பதை இத்தலைமுறையின் கல்வியாளர்கள் முடிவு செய்ய வேண்டும்.